ஆய்விதழ்க் கட்டுரையில் மேற்கோளும் துணைநூற்பட்டியலும்: பழனி மலை நூல்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அறிவியல் ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் ஒரு செய்தியைச் சொன்ன இடத்திலேயே அதன் மூலத்தைச் சுட்டுவது மேற்கோள் குறிப்பு. அம்மூலத்தின் முழு விவரத்தைக் கட்டுரை இறுதியில் தருவது துணைநூற்பட்டியல். மாணவர் வழக்கில் ‘ரெஃபரன்ஸ்’. கல்லூரிகளில் இவை பெரும்பாலும் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, சாய்வெழுத்து பற்றிய பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன. இந்த அணுகுமுறையில் முதன்மையான வேலை விடுபட்டுப்போகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பழனி மலையின் தாவரவியல் நூல்கள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

கூக்கால்: எடுத்துக்காட்டின் களம்

கூக்கால், திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலையின் மேற்பகுதியில் உள்ள ஊர். இங்கு ஏரியும் சோலைக்காடும் உள்ளன. 20ஆம் நூற்றாண்டில் மேல்பழனி மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதி வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரத்தோட்டங்களாக மாறியது. ஆகவே, ஒரு செடி முன்பு எங்கே வளர்ந்தது, இப்போது அங்கே இருக்கிறதா என்பதை அறியப் பழைய நூல்களும் உலர்தாவரத் தொகுப்புகளும்தான் துணை. கூக்கால் சோலையின் செடிகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை எழுதும் மாணவர் ஃபைசன், கேம்பிள், மேத்யூ ஆகிய மூவரின் நூல்களையாவது சுட்ட வேண்டியிருக்கும். இம்மூன்றையும் சரியாகச் சுட்டுவது எளிதன்று.

ஆண்டு

ஜே. எஸ். கேம்பிளின் ‘மதராஸ் மாகாணத் தாவரங்கள்’ நூல் 1915 முதல் 1936 வரை 11 பகுதிகளாக வெளிவந்தது. கேம்பிள் 1925இல் காலமானார். 8ஆம் பகுதி முதல் எழுதி முடித்தவர் சி. இ. சி. ஃபிஷர். 1957இல் இந்தியத் தாவரவியல் அளவைத் துறை இந்நூலை மறுபதிப்புச் செய்தது. நூலகத்தில் கைக்குக் கிடைப்பது மறுபதிப்பே என்பதற்காக ‘கேம்பிள், 1957’ என்று மட்டும் எழுதினால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, பிற்பகுதிகளை எழுதிய ஃபிஷரின் பெயர் மறைகிறது. இரண்டாவது, அதைவிடப் பெரியது. 1920களில் அச்சான ஒரு தாவரக் குறிப்பு 1957ஆம் ஆண்டுக்கு உரியதாகத் தோன்றுகிறது. மலை வேகமாக மாறிய காலத்தில் 30 ஆண்டு இடைவெளி சிறிய பிழையன்று. ஒரு செடி எப்போது மறைந்தது என்ற கணக்கே தவறிவிடும். முதற்பதிப்பின் ஆண்டையும் மறுபதிப்பின் ஆண்டையும் சேர்த்துத் தருவதே முறை. பார்த்த பகுதியின் எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

ஊர்ப்பெயர்

பி. எஃப். ஃபைசன் 1915–1920இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலின் தலைப்பில் மலையின் பெயர் ‘புல்னி’ என்று இருக்கிறது. கே. எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் அது ‘பல்னி’. இன்றைய அரசு வழக்கு ‘பழனி’. கூக்காலையும் ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டு ‘ஓ’ இட்டு எழுதுகிறார். மற்றொருவர் ஒரு ‘யு’வும் இரண்டு ‘கே’யும் இட்டு எழுதுகிறார். சீராக இருக்கட்டும் என்று நினைத்து நூல்தலைப்பிலும் ‘பழனி’ என்று திருத்திவிட்டால், அந்தத் தலைப்பைக் கொண்டு தேடுபவருக்கு நூல் கிடைக்காது. கட்டுரையின் உடற்பகுதியில் இன்றைய பெயரைப் பயன்படுத்தலாம். தலைப்புகளை அச்சிலுள்ளபடியே தர வேண்டும். பழைய எழுத்து வடிவங்களைக் கட்டுரையில் ஒருமுறை குறிப்பிட்டுவிட்டால், தேடுவோருக்கும் உதவியாக இருக்கும்.

ஆள்பெயர்

பெரும்பாலான வடிவங்கள் குடும்பப்பெயரை முதலில் கேட்கின்றன. தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. முன்னெழுத்து தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ குறிக்கும். நோபல் பரிசு பெற்ற இருவரின் பெயர்களை ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் விளங்கும். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் சந்திரசேகர் அவருடைய சொந்தப் பெயர். பட்டியலிலும் அதுவே முன்வருகிறது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதில் வெங்கட்ராமன்தான் சொந்தப் பெயர். பட்டியலில் முன்வருவதோ தந்தையின் பெயர். இருவரும் ஒரே வடிவில் தொடர்ந்து எழுதியதால் குழப்பம் நேரவில்லை. ஆனால், ஒரே ஆய்வாளர் ஒரு கட்டுரையில் முன்னெழுத்துடனும் மற்றொன்றில் தந்தை பெயரை விரித்தும் எழுதினால், தேடுதளங்கள் அவரை இரண்டு ஆட்களாக எண்ணிவிடும். சொட்டேரோ போன்ற மென்பொருள்களும், பெயர் ஒரே தொடராக வந்தால், கடைசிச் சொல்லையே குடும்பப்பெயராகக் கொள்வது வழக்கம். முதல் கட்டுரையிலேயே பெயர்வடிவத்தை உறுதிசெய்துகொள்வதும், 2012இல் தொடங்கிய ஆர்கிட் அடையாள எண்ணைப் பெறுவதும் மாணவருக்கு நல்லது.

ஒரே கண்டுபிடிப்பு, இரண்டு வெளியீடுகள்

இதே மலையிலிருந்து வேறொரு துறையின் எடுத்துக்காட்டும் உண்டு. சூரியப்புள்ளிகளில் வளிமம் ஆரத்திசையில் நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டறிந்தார். இச்செய்தி வானாய்வகத்தின் 15ஆம் அறிக்கையிலும், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழிலும் அதே ஆண்டில் வெளியானது. எதைச் சுட்டுவது? எதைப் படித்தோமோ அதை. பிறர் பட்டியலிலிருந்து படிக்காத மூலத்தை எடுத்து ஒட்டினால், அவர் செய்த பக்க எண் பிழையும் கூடவே வந்துசேரும்.

வடிவங்களின் பெருக்கம்

கூக்கால் தாவரக் கட்டுரையைப் பெங்களூரின் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழுக்கு அனுப்பினால் மேற்கோள்களை எண்களாக இட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா’வுக்கு அனுப்பினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தேவை. முதல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டால், பட்டியலை முழுவதும் மாற்றியாக வேண்டும். இதில் வீணாகும் உழைப்புக்கு இதழ்களே பொறுப்பு. எல்செவியர் பதிப்பகத்தின் பல இதழ்கள், முதல்முறை அனுப்பும்போது பட்டியல் சீராக இருந்தால் எந்த வடிவத்தையும் ஏற்கின்றன. மற்ற இதழ்களும் இதைப் பின்பற்றலாம்.

ஆயினும் வடிவம் பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவை ஒரே ஒழுங்கில் இருந்தால்தான் வாசகர் பிழையை எளிதில் காண முடியும். கணினியும் அவற்றை டிஓஐ எண்ணுடன் இணைக்க முடியும்.

மதிப்பீடு

காற்புள்ளியை மென்பொருள் திருத்தித் தரும். ஆண்டு மறுபதிப்புக்கு உரியதா, தலைப்பு அச்சிலுள்ளபடி இருக்கிறதா, முன்னெழுத்து யாருடையது என்பவற்றை எழுதுபவர்தான் பார்க்க வேண்டும். அதைக் கற்பிக்காமல் வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் தருவது பொருத்தமற்றது. வழக்கமான வடிவங்களில் மற்றொரு குறையும் உண்டு. மேத்யூ நிறுவிய திருச்சி ராபினட் உலர்தாவரகம் போன்ற இடங்களில் உள்ள ஒவ்வொரு மாதிரிக்கும் சேகரித்தவர் பெயரும் எண்ணும் இருக்கும். அந்தச் சான்று துணைநூற்பட்டியலில் இடம்பெறுவதில்லை. கட்டுரைக்குள்தான் தர வேண்டும். பட்டியல் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், மாதிரி எண்கள் இல்லாத தாவரக் கட்டுரையைப் பின்னால் வருபவர் சரிபார்க்க இயலாது. மாணவர்கள் முதலில் மூலத்தைச் சரிபார்த்து, வடிவத்தைக் கடைசியாகச் செய்வதே நல்லது.