வாடிக்குப் பின்னால் ஒரு வண்டி வரிசை

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். 2023-ல் பூவந்தி அபிசித்தர் 26 மாடு பிடித்து முதலிடம். 2024-ல் கருப்பாயூரணி கார்த்தி 18 மாடு. ஒரே ஒரு மாடு குறைந்து, 17-ல் அபிசித்தர் இரண்டாமிடம். அந்த ஒரு மாட்டுக்கான வாக்குவாதம் பரிசு மேடையோடு முடியவில்லை. 2025-ல் 20 மாட்டோடு அபிசித்தர் மறுபடி மேலே வந்து நின்றார்.

இருபத்தாறு எங்கே, பதினெட்டு எங்கே, ஆட்டம் சரிந்துவிட்டது என்று டீக்கடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலை ஏழு மணிக்கு மேல் தொடங்கி, பொழுது சாயும்போது முடிகிற ஆட்டம் இது. அதற்குள் ஆயிரத்தை ஒட்டி மாடுகள் அவிழ்த்துவிடப்படுகின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு மாட்டுக்கு நாற்பது நொடிகூடத் தேறாது. வீரர்களோ சுற்றுச் சுற்றாக, சுற்றுக்கு ஒரு நிற பனியனில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகப் பிடித்தவர்கள் மட்டும் கடைசிச் சுற்றுக்குப் போவார்கள். முதல் சுற்றில் நான்கு மாடு அணைந்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தவரும், மதியம் மூன்று மணி வெயிலில் பிடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கடைசிச் சுற்றுக்கு வருபவரும் ஒன்றல்ல. பட்டியலில் இருவருக்கும் ஒரே மாதிரி எண்தான் விழுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், எதிரே வருகிற மாடு. வாடிவாசலை விட்டதும் நேரே பாய்ந்து ஓடுகிற மாட்டின் திமிலை வாகாகக் கட்டிவிட்டால், மாட்டின் ஓட்டமே ஆளை எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுசேர்த்துவிடும். கை விடாமல் இருந்தால் போதும். நின்று விளையாடும் மாடு வேறு ரகம். வெளியே வந்து நாலு எட்டு வைத்து நிற்கும். தலையைத் தாழ்த்தித் தேங்காய் நார் பரப்பிய தரையைக் கொம்பால் ஒரு கிளறு கிளறும். பக்கவாட்டில் எவன் நகர்கிறான் என்று பார்த்துச் சட்டென்று சுற்றும். இருபது பேர் தடுப்புக் கட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அந்த மாட்டைப் பிடித்தாலும் கணக்கு ஒன்றுதான். சிறந்த காளைக்கான பரிசு பெரும்பாலும் இந்த ரகத்துக்குத்தான் போகிறது. எந்தச் சுற்றில் இந்த ரகம் அடுத்தடுத்து வருகிறதோ, அந்தச் சுற்றுக்காரர்களின் எண்ணிக்கை படுத்துவிடும்.

சரி, வாடியை விட்டு வெளியே வந்தும் மிரண்டு ஓடாமல் நிற்கிற அந்த நிதானம் மாட்டுக்கு எங்கிருந்து வருகிறது? ரத்தம், ரகம், புலிக்குளம், காங்கேயம் என்றெல்லாம் சொல்லலாம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, முதல் நாள் இரவு சாலையோரத்தில் நிற்கிற வண்டி வரிசையில் இருக்கிறது. அலசல் எழுதுகிற நாம் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இந்த மூன்று நாளும் சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி, திண்டுக்கல், தேனி என்று எல்லாத் திசையிலிருந்தும் மினி லாரிகளும் 'சின்ன யானை'களும் மதுரையைப் பார்த்து வருகின்றன. ஒரு வண்டியில் ஒரு மாடு, அதோடு எட்டுப் பேரோ பத்துப் பேரோ. தரையில் வைக்கோல் மெத்தை, ஓரத்தில் கேஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, போர்வை. அமெரிக்காவில் கால்பந்து ஆட்டத்துக்கு முந்தைய நாளே படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டிகளில் கூட்டாளிகள் வந்திறங்கி, மைதானத்து வாசலில் சுட்டுத் தின்று, கொட்டடித்துப் பாடி விடிய வைப்பார்கள். நம் ஆட்களும் அதையேதான் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், ஆடப்போகிற ஆட்டக்காரரும் அதே வண்டியில் வைக்கோல் மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறார்.

பாலமேட்டுக்குப் போகிற சாலையில், இரண்டு பக்கமும் அறுப்புக்கு நிற்கிற நெல்லுக்கு நடுவே, சிவகங்கைப் பக்கத்து வண்டி ஒன்றோடு ஓர் இரவைக் கழித்தேன். மாடு நல்ல காரி, திமில் மட்டும் ஒரு முழத்துக்கு நிற்கும். வண்டியை விட்டு இறக்கியதும் முதல் வேலையாக அதைக் கால் மணி நேரம் நடக்கவைத்தார்கள். வெகுநேரம் வண்டியில் நின்றே வந்த மாட்டுக்குத் தொடை இறுகிப்போயிருக்கும், அப்படியே வாடிக்குக் கொண்டுபோனால் திரும்பும்போது பின்னங்கால் வழுக்கும் என்றார்கள். அப்புறம்தான் தண்ணீர், அதுவும் ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையை அரை வயிறுக்கு மட்டும் வைத்தார்கள். ஒருவன் இன்னொரு கை அள்ளப்போனதும் பெரியவர் தடுத்துவிட்டார். "போதும் மாப்ள, வயிறு கனத்துச்சுன்னா வாடியில படுத்துக்கிரும். அந்த லைட்ட அமத்து, அது கண்ண மூடட்டும்."

மனிதர்களுக்கு அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான். மாடு களத்தை விட்டு நல்லபடியாகத் திரும்பும்வரை அந்த வண்டியில் கவிச்சி கிடையாது. பத்து மணிக்கு மேல் ஒருவர் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொண்டுவந்தார். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சி, மேலே தேங்காய்த் துருவல் தூவித் தருகிற அந்தச் சூட்டுக்கு மார்கழி முடிந்த குளிர் அப்படியே இறங்கிப்போகிறது. மாட்டுக்கும் ஆட்களுக்கும் அன்றைக்கு ஒரே விதையில்தான் சாப்பாடு. எல்லாம் முடிந்த மறுநாள் சாயங்காலம் மதுரை சிம்மக்கல் பக்கம் கறி தோசையும் குடல் குழம்புமாக அவர்கள் வெளுத்துவாங்கியதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இசைக்கு வருவோம். வண்டிகளில் ஸ்பீக்கர் உண்டு, சினிமாப் பாட்டும் உண்டு. ஆனால் மாட்டின் பக்கம் அதைத் திருப்பிவைக்க விடமாட்டார்கள். விடிகாலையில் ஊர்ப் பக்கமிருந்து நையாண்டி மேளம் கேட்டது. நாயனமும் தவிலும் முன்னே ஓட, பம்பையும் தமுக்கும் பின்னாலிருந்து தள்ளுகிற அந்த அடிக்குப் பெரியவர்களே காலைத் தரையில் வைக்கமாட்டார்கள். காரி காதை மட்டும் ஒரு தரம் திருப்பிவிட்டு மறுபடி அசைபோட்டது. ஊர்க் கோயில் கொடைக்கெல்லாம் கன்றாக இருந்தபோதிருந்தே கொட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் கட்டி வளர்த்தார்களாம். பறையும் உறுமியும் அதற்குப் பழகிய சத்தம். வாடிக்குள் காதைப் பிளக்கிற விசிலும், "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று மூச்சு விடாமல் ஏறுகிற மைக்கும், கேலரியிலிருந்து வருகிற இரைச்சலும் சேர்ந்துதான் பல மாடுகளை விரட்டுகின்றன. சத்தம் பழகாத மாடு ஓடித் தப்பிக்கப் பார்க்கும். பழகிய மாடு நின்று ஆளைப் பார்க்கும். எந்த மாடு நின்று விளையாடும் என்று கணிக்க, சாதிச் சான்றிதழ் மாதிரி ரகத்தைக் கேட்பதைவிட, எந்தக் கொட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தது என்று கேட்பது உபயோகமாக இருக்கும்.

மஞ்சமலை ஆற்றுத் திடலில் அன்றைக்கு அந்தக் காரி பிடிபடவில்லை. களத்தில் அது நின்றது பத்து நொடியோ என்னவோ. ஒருவர் திமிலைத் தொட்டார், ஒரே சுற்றில் உதறிவிட்டது. மேடையில் மாட்டுக்கு வெற்றி என்று சொல்லிப் பரிசை அறிவிப்பதற்குள் அடுத்த மாட்டின் மூக்கணாங்கயிறை உருவியாகிவிட்டது.

ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு அங்கே முடிகிறது. வண்டிக்காரர்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. களத்தைத் தாண்டி ஓடிவருகிற மாட்டைப் பிடித்துக் கட்டுகிற 'கலெக்‌ஷன் பாயிண்ட்'டில் பனியன் கிடையாது, நடுவர் கிடையாது, தேங்காய் நார் கிடையாது. வெறும் கயிறோடு நாலைந்து பேர் நிற்பார்கள். முந்தைய மாடு இன்னும் கட்டுப்படாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்தது வந்துவிடும். வாடியில் ஒரு மாட்டுக்கு நாற்பது நொடி என்றால், இங்கே ஒரு மாட்டை மடக்க ஐந்து நிமிடம்கூட ஆகலாம். தேங்குவது இங்கேதான். ஆண்டுதோறும் மாலையில் வருகிற காயக் கணக்கைப் பாருங்கள்: வீரர்கள் இத்தனை பேர், மாட்டு உரிமையாளர்கள் இத்தனை பேர், பார்வையாளர்கள் இத்தனை பேர் என்று பிரித்துப் போடுவார்கள். காயப் பட்டியலில் உரிமையாளர் பத்திக்குள் வண்டிக்காரர்களும் அடங்கிவிடுகிறார்கள். பரிசுப் பட்டியலில் வீரரும் உரிமையாளரும் மட்டும்தான்.

விதிகளும் அவர்களைக் கண்டுகொள்வதில்லை. மாட்டோடு உரிமையாளரும், பழகிய உதவியாள் ஒருவரும் மட்டும் வரலாம் என்கிறார்கள். கூட்டத்தைக் குறைக்கச் சொல்கிற நியாயம் புரிகிறது. ஆனால் ஒரு மாட்டை வாடிக்குள் விடுகிறவரே ஓடிப்போய் மறுமுனையில் கயிறு போட முடியாது. ஆகவே மற்றவர்கள் டோக்கன் இல்லாமல், சந்து பொந்து வழியாக, போலீஸ் கண்ணில் படாமல் அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஆபத்து குறையவில்லை, கணக்கில் வராமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும், 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்ட பிறகு 2015, 2016 இரண்டு தையிலும் வாடிவாசல் பூட்டிக் கிடந்தது. அப்போது மாட்டை அடிமாட்டுக்கு அனுப்பாமல் காப்பாற்றியதில் கூட்டாளிகள் பங்கு போட்டுத் தீவனம் வாங்கிய வண்டிக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 மெரினா போராட்டத்துக்குப் பின் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டம் வந்து, பிப்ரவரி 5, 9, 10 தேதிகளில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் நடந்தபோது வாடிக்கு வர மாடு இருந்தது அதனால்தான். 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரி 24-ல் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கேலரியோடு கலைஞர் நூற்றாண்டு அரங்கமும் திறந்தாகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நல்ல இருக்கை கிடைத்தது, மறுக்கவில்லை. பொங்கல் ஆட்டம் மூன்றும் இன்னும் அந்தந்த ஊர் வாடியில்தான் நடக்கிறது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பிடிவாதமாகவும் இருக்கிறார்கள்.

எனவே அடுத்த தைக்கு நான் கேட்பது மூன்று. மாட்டோடு பதிவு செய்யும்போதே கயிறு போடும் ஆட்கள் நாலு பேருக்கு அட்டை கொடுங்கள். கலெக்‌ஷன் பாயிண்டில் மாடு தேங்கினால் வாடியில் அடுத்த கயிறை உருவாமல் நிறுத்திவைக்க ஒரு கொடிக்காரரைப் போடுங்கள். ஆயிரம் மாடு எழுநூறாகக் குறைந்தால் குறையட்டும். மூன்றாவது எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு. எத்தனை மாடு பிடித்தார் என்பதோடு, எத்தனை மாட்டுக்குப் பாய்ந்தார், எந்தச் சுற்றில், அதில் நின்று விளையாடிய மாடு எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2023-ன் 26-ஐயும் 2025-ன் 20-ஐயும் அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.