மஞ்சள் இயந்திரமும் கவச குண்டலமும்

விஞ்ஞானப் புனைகதைகளில் மனிதர் அணியும் இயந்திரக் கவசங்களுக்குக் குறைவில்லை. மனதில் தங்குபவைதான் குறைவு. ராபர்ட் ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) நாவலில் கவசம் உடலின் அசைவை உணர்ந்து பலமடங்காக்கித் தரும். அணிந்தவர் அதை இயக்க வேண்டியதில்லை, நடந்தாலே போதும். அருமையான கற்பனை. ஆனால் போல் வெர்ஹூவன் 1997 இல் நாவலைப் படமாக்கியபோது கவசத்தை விட்டுவிட்டார். படம் அது இல்லாமலே ஓடியது.

என் கணிப்பில் இந்த வகையின் உச்சம் போர்க்கவசமே அல்ல. ஜேம்ஸ் கமரூனின் 'ஏலியன்ஸ்' (1986) படத்தில் வரும் மஞ்சள் நிறப் பாரந்தூக்கிதான் அது. முதற்படத்தில் கப்பல் அதிகாரியாக இருந்த ரிப்ளியின் உரிமத்தை இங்கே விசாரணைச் சபை பறித்துவிடுகிறது. அவள் சரக்குத்தளத்தில் பாரந்தூக்கி ஓட்டிப் பிழைக்கிறாள். பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உணவகத்தில் கோப்பை கழுவிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறகு படைக்கப்பலில், சும்மா நிற்கப் பிடிக்காமல், தனக்கு அதை ஓட்டத் தெரியும் என்கிறாள். ஏறிப் பட்டிகளை மாட்டி, ஒரு பெட்டியைத் தூக்கி, எங்கே வைப்பது என்று கேட்கிறாள். வீரர்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பில் மரியாதை இருக்கிறது. இறுதியில் அவள் அதே இயந்திரத்தோடு சண்டைக்கு வரும்போது நாம் நம்புவது அதன் பலத்தையல்ல, அவளுடைய தொழில் அனுபவத்தை.

அந்த இயந்திரம் ஒரு திறந்த கூடு. உள்ளே இருப்பவளின் முகமும் வியர்வையும் தெரிகின்றன. படப்பிடிப்பில் சிகர்னி வீவரின் முதுகுக்குப் பின்னே மறைந்து நின்ற ஒரு பலசாலிதான் அதன் கைகால்களை அசைத்தார். திரையில் தெரியும் சிரமம் ஒரு மனிதருடைய சிரமம். 2008 இல் வந்த 'அயர்ன் மேன்' படத்திலும் குகைக்குள் அடித்துப் பொருத்திய முதற்கவசமே எனக்குப் பெரிது. பின்னால் வரும் சிவப்பும் பொன்னும் கண்ணுக்கு அழகுதான். பளபளக்கும் ஆயுதங்களை ஔவையார் தொண்டைமானிடம் எப்படிப் 'பாராட்டினார்' என்பது நாம் அறிந்ததே.

ரிப்ளியின் எதிரியோ நம் ஊர்க்காரர் வழிவந்தது. கூர் நகரில் 1940 இல் பிறந்த எச். ஆர். கீகர்தான் முதற்படத்தின் உயிரினத்தை உருவாக்கியவர். அதற்காக 1980 இல் ஒஸ்கார் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இரண்டாம் படத்தின் அரசியைக் கமரூனே வரைந்தார், ஆனால் இலக்கணம் கீகருடையது. குரூயேரில் 1998 இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தால் தெரியும்: விலா எலும்பு எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அங்கே உடலே கவசம். கழற்ற வழியில்லை. ரிப்ளியால் கழற்ற முடியும். காற்றடைப்புக் கதவு திறக்கையில் பாரந்தூக்கி அரசியோடு வெளியே விழுகிறது. அவள் ஏணியைப் பிடித்து ஏறிவிடுகிறாள்.

கழற்ற முடியாத கவசத்தின் கதை நமக்குப் புதிதல்ல. கர்ணன் அதனோடுதான் பிறந்தான். போர்க்களத்தில் அது காத்ததைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இந்திரன் கேட்க, உடலிலிருந்து அறுத்துக் கொடுத்த அந்தக் கணம்தான் கூத்திலும் படத்திலும் நிற்கிறது. இத்தனை பழைய முதல் கையிலிருந்தும் நமது விஞ்ஞானப் புனைகதை வேறு பக்கம் போனது. சுஜாதாவின் ஜீனோவும் 'எந்திரன்' (2010) சிட்டியும் மனிதனுக்கு வெளியே நின்று மனிதனைப் போலப் பேசும் இயந்திரங்கள். இயந்திரத்துக்குள் நிற்கும் மனிதனின் தோள்வலியை எழுத இன்னும் இடமிருக்கிறது.

எழுதுபவர் க்ளோட்டனிலிருந்து தொடங்கலாம். சூரிச் ஈ.ரி.எச். பல்கலைக்கழகம் 2016 ஒக்டோபர் 8 ஆம் திகதி அங்கே முதலாவது சைபத்லோன் போட்டியை நடத்தியது. கால்கள் இயங்காதவர்கள் மோட்டார் பூட்டிய புறவன்கூடுகளை அணிந்து போட்டியிட்டார்கள். எதிரிகளோ வெடிகளோ இல்லை. கடக்க வேண்டிய தடைகளில் ஒன்று படிக்கட்டு. இன்னொன்று சோபா: அதில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து நிற்க வேண்டும்.