அம்பாசடருக்குள் இசூசூ

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப் பாதையில், குடும்பமே ஏறிய பழைய அம்பாசடர் இரண்டாம் கியரை விட்டுக்கொடுக்காது. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் உடம்பு, பிரிட்டன் வழி வந்த 1489 சிசி எஞ்சின். பொறுமைசாலி, ஆனால் மூச்சு குறைவு.

1990-களின் தொடக்கத்தில் அம்பாசடரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸே அதே கூட்டுக்குள் 1817 சிசி இசூசூ பெட்ரோல் எஞ்சினை வைத்தது. கூடவே ஐந்து கியர். ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் தடியும் தரைக்கு இறங்கியது. அதற்கு முன்பே அதே கம்பெனியின் கான்டெஸா காருக்கும் இந்த வைத்தியம் நடந்திருந்தது. அவ்வளவு பெரிய காரை அம்பாசடர் எஞ்சினோடு விற்றது யானைக்கு ஆட்டுக்குட்டியின் இதயம் வைத்த கதைதான்!

கம்பெனி செய்ததைப் பட்டறையில் செய்பவர்களின் கைத்திறன் எனக்கு இன்னும் பிடிக்கும். எஞ்சின் உள்ளே அடங்கினால் மட்டும் போதாது. மவுண்ட்டுகளைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும். கியர் பெட்டியின் நீளம் மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டியோ நீட்டியோ மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் பழையதாக இருந்தால் மலையில் பாதி வழியிலேயே கொதிக்கும். முன்பக்க எடை கூடினால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும். பலர் மறப்பது பிரேக். ஏறும்போது கிடைக்கும் குதிரைத்திறனைக் கொண்டாடுபவர், இறங்கும்போது பழைய டிரம் பிரேக்கை நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலைக்கு முன்பே ஆர்டிஓ அனுமதியும், முடிந்ததும் ஆர்சி புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணும் அவசியம். நல்ல மெக்கானிக் அந்த அனுமதிக் காகிதத்தை முதலிலேயே கேட்டுவிடுவார்.