நான்காம் மாத்திரையும் கதீட்டரும்

சிறுநீர்பிரிப்பி ஒன்று, கால்சியம் தடுப்பான் ஒன்று, ஏ.சி.இ. அல்லது ஏ.ஆர்.பி. வகையில் ஒன்று. இம்மூன்றையும் தாங்கக்கூடிய உச்ச அளவில் தந்தும் இறங்காத இரத்த அழுத்தத்துக்கு அடுத்து என்ன செய்வது? கடந்த பதினைந்து ஆண்டுகளில் இதற்கு வந்த விடைகளில் இரண்டு முக்கியமானவை. சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைக் கதீட்டரால் சுட்டுச் செயலிழக்கச் செய்வது ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரை மற்றொன்று. இரண்டையும் ஒரே அளவுகோலால் எடைபோட வேண்டும்.

கதீட்டரின் புகழ் 2010இல் வெளியான சிம்ப்ளிசிட்டி-2 ஆய்வில் தொடங்கியது. 106 பேர். சிகிச்சை பெற்ற அணியில் ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் 32 புள்ளி (மி.மீ. பாதரசம்) இறங்கியது. எண் பெரியது, முறைமை பலவீனமானது. யாருக்குச் சிகிச்சை நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். சிகிச்சை பெற்றவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கத் தொடங்கியிருக்கலாம். அளந்தவரின் எதிர்பார்ப்பும் அளவில் கலந்திருக்கலாம்.

2014இன் சிம்ப்ளிசிட்டி-3 இந்த ஓட்டையை அடைத்தது. 535 பேர். இரு அணியினரையும் அரைமயக்கத்தில் படுக்கவைத்து, கண்ணை மறைத்து, காதில் இசையை ஒலிக்கவிட்டு, சிறுநீரகத் தமனியைப் படம்பிடித்தார்கள். நரம்பைச் சுட்டது ஓர் அணிக்கு மட்டும். சுட்டவர்களுக்கு 14 புள்ளி இறங்கியது. சுடாதவர்களுக்கும் ஏறத்தாழ 12. எஞ்சிய வேறுபாடு தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது.

தோல்விக்குச் சொல்லப்பட்ட சமாதானங்கள் வெறும் சாக்குகள் அல்ல. செய்த மருத்துவர்கள் பலர் அதற்குப் புதியவர்கள். சூடும் முழுமையாகப் படவில்லை. நடுவே பலரின் மருந்துகள் மாறின. பின்வந்த ரேடியன்ஸ் ட்ரையோ (2021) மூன்று மருந்தையும் ஒரே மாத்திரையாக்கி எல்லோருக்கும் தந்து, பகல்நேர அழுத்தத்தைக் கருவியால் தொடர்ந்து பதிந்தது. இரண்டு மாதத்தில் 4.5 புள்ளி வேறுபாடு தெரிந்தது. 2023 நவம்பரில் இச்சிகிச்சைக்கு அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. கருத்து பிழைத்துக்கொண்டது, ஆனால் 32 என்ற வாக்குறுதி நாலரையாகச் சுருங்கியது.

மாத்திரையை ஆராய்ந்த பிரிட்டனின் பாத்வே-2 (2015) வேறு தரத்தில் நிற்கிறது. ஆய்வில் சேர்க்குமுன்பே, மாத்திரையைக் கண்முன் விழுங்கச் செய்து, வீட்டு அளவையும் பார்த்து, மருந்துக்கு அடங்காததுபோல் தோன்றும் போலி எதிர்ப்பை வடிகட்டினார்கள். பிறகு ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்பைரோனோலாக்டோன், பிசோப்ரோலால், டாக்சாசோசின், வெற்று மாத்திரை நான்கையும் முறைமாற்றித் தலா பன்னிரண்டு வாரம் தந்தார்கள். நோயாளியே தமக்கு ஒப்பீடு. வெற்று மாத்திரையைவிட ஸ்பைரோனோலாக்டோன் 8.7 புள்ளி கூடுதலாக இறக்கியது. மற்ற இரு மருந்துகளையும் நான்கு புள்ளிக்கு மேல் முந்தியது. இரத்தத்தில் ரெனின் குறைந்தவர்களுக்கே அதிகப் பலன். உடலில் உப்பு தேங்கும்போது ரெனின் குறையும் என்பதால், தேங்கிய உப்பே பெரும்பாலோரின் சிக்கல் என்ற விளக்கத்தோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. முடிவையும் காரணத்தையும் ஒருசேரத் தந்த ஆய்வு இத்துறையில் அபூர்வம். என் மதிப்பில் அதன் தலையாய சாதனை அதுதான்.

குறைகளும் கனமானவை. பன்னிரண்டு வாரம் அழுத்தத்தை அளக்கப் போதும். ஆண்களுக்கு மார்பு வீங்குவது போன்ற பக்கவிளைவை எடைபோடப் போதாது. பக்கவாதமும் மாரடைப்பும் குறைந்தனவா என்பதற்கு இதில் விடையில்லை. சிறுநீரகம் நலிந்தவர்களை விலக்கியது பாதுகாப்புக்கு உகந்தது. ஆனால் மருந்துக்கு அடங்காத அழுத்தம் மிகுதியாகக் காணப்படுவது அவர்களிடம்தான். அந்த இடைவெளியில் ஒரு பகுதியை 2021இன் கிளிக் ஆய்வு நிரப்பியது. நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளிகளிடம் குளோர்தாலிடோன் என்ற சிறுநீர்பிரிப்பி மேல் அழுத்தத்தை வெற்று மாத்திரையைவிடச் சுமார் பத்துப் புள்ளி கூடுதலாக இறக்கியது.

எனவே என் தீர்ப்பு: மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கைப்பட்டை கையின் பருமனுக்குப் பொருந்துகிறதா, ஆல்டோஸ்டிரோன் மிகைச்சுரப்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் நான்காம் இடம், சிறுநீரகம் தாங்குமானால், ஸ்பைரோனோலாக்டோனுக்கே. ஏ.சி.இ., ஏ.ஆர்.பி. மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றுபவை என்பதால், தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்காமல் இதை எழுதித் தருவது தவறு. சிறுநீரகம் நலிந்தவருக்குக் குளோர்தாலிடோன். கதீட்டருக்கு இடம் உண்டு. இவை எல்லாம் முயன்று பார்த்த பிறகு.