அடியேன் என்ற சொல்

லஸ் முனையில், நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் 'இரட்சணிய யாத்திரிகம்' கிடைத்தது. மேலட்டை இல்லை. ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளையைக் கிறிஸ்தவக் கம்பர் என்று சொல்லிச் சொல்லியே நாம் படிக்காமல் விட்டுவிட்டோம். பட்டம் கொடுத்துவிட்டால் படிக்கிற சிரமம் மிச்சம்.

1827-இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில், வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1858-இல் இதே மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். காவியம் வெளிவந்தது 1894-இல். இடையே 36 வருஷங்கள். மதம் மாறுவது ஒரு நாள் காரியம். பாஷை மாறுவது அப்படியல்ல. கடவுளுக்கு ஊழியன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் புதுச் சொல் வேண்டியிருக்கவில்லை. தொண்டரடிப்பொடி என்று பெயர் வைத்துக்கொண்ட ஆழ்வாரின் வழியில் வளர்ந்தவர். அடியேன் என்பது நாக்கிலேயே இருந்தது. எஜமானைத்தான் மாற்றினார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு.

காவியத்துக்கு மூலம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதை. முதுகில் பாரத்தோடு ஒருவன் ஊரை விட்டு ஓடுகிறான். சிலுவையின் முன்னே பாரம் தானாகக் கழன்று விழுகிறது. ஊழியம் செய்து ரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. ரட்சிக்கப்பட்டவன் நன்றியினால் ஊழியம் செய்கிறான். புராட்டஸ்டண்டு விசுவாசத்தின் கரு அதுதான். கிருஷ்ண பிள்ளைக்கு அது மட்டும் போதவில்லை. பனியன் விரித்துச் சொல்லாத கிறிஸ்துவின் பாடுகளைத் தம் காவியத்துக்குள் கொண்டுவந்தார். கயிற்றால் கட்டுண்டு, ஏச்சைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறார் எஜமானர். திருவல்லிக்கேணிப் பெருமாளும் தேரோட்டியாக வந்தவர்தாம். ஆனால் அவர் தரப்பு ஜெயித்தது. ஊரார் கண்ணுக்குத் தோற்றுப்போய் நிற்கிறவரிடம் போய் அடியேன் என்பது வேறு. சொல் பழசு, அதன் கனம் புதிது.

காவியம் முழுவதும் இந்த உயரத்தில் இல்லை. வர்ணனைகளில் கம்பனிடம் வாங்கிய கடன் பளிச்சென்று தெரிகிறது. குணங்களுக்குப் பெயர் வைத்து நடமாடவிட்ட பாத்திரங்கள் நீதி பேசியே அலுப்பூட்டுகின்றன. நாவல் எழுதுகிறவனுக்குத்தான் இது பொறுக்கவில்லையோ என்னவோ. ஆனால், கதையை நிறுத்திவிட்டு இடையிடையே தேவாரம் என்று பாட ஆரம்பிக்கிறாரே, அங்கே கம்பன் காணாமல் போகிறான். தனியாக நின்று கெஞ்சுகிற ஒரு மனிதனின் குரல் கேட்கிறது. வைஷ்ணவராகப் பிறந்தவர் சைவர்களின் பெயரை எடுத்துக்கொண்டதையும் கவனிக்க வேண்டும்.

என் பிரதியை முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். வர்ணனைப் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை. தேவாரப் பக்கங்களில் ஓரமெல்லாம் கோடு.