புதுசா, பழசா: ஒரு போர்ட் ஒயின் வழக்கு

பொங்கல் பானையில் ஏறுவது புது அரிசி. அன்றாடச் சோற்றுக்கோ பழைய அரிசியைத் தேடுவார்கள். இரண்டும் ஒரே வயலில் விளைந்தவையாகவே இருக்கலாம். போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில் பிறக்கும் விண்டேஜ் போர்ட் ஒயினைப் பற்றிய வழக்கும் இந்த வகைதான்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். திராட்சையைக் கல்தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். சாறு பாதி நொதித்த நிலையில் 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். நொதிப்பு நின்றுபோகிறது; மிச்ச இனிப்பு அப்படியே தங்கிவிடுகிறது; வலு 20 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. விளைச்சல் பிரமாதமாக அமைந்த ஆண்டை மட்டும் வணிக இல்லங்கள் ‘விண்டேஜ்’ என்று அறிவிக்கும். பத்தாண்டுக்கு மூன்று முறை வாய்த்தால் அதிகம். அது மரப்பீப்பாயில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, வடிகட்டாமலே பாட்டிலுக்குள் போகிறது. முதுமை முழுவதும் பாட்டிலுக்குள்தான். டானி என்ற இன்னொரு வகைப் போர்ட்டில் எப்போது திறப்பது என்ற தகராறே கிடையாது. அது பீப்பாயிலேயே கிழமாகிவிட்டுத்தான் கடைக்கு வரும்.

இங்கிலாந்துக்காரர்களின் கட்சி காத்திருப்பவர்களின் கட்சி. பிள்ளை பிறந்த ஆண்டின் போர்ட்டை ஞானத்தந்தை வாங்கி நிலவறையில் கிடத்துவார். பிள்ளைக்கு 21 வயதானதும் தக்கை திறக்கும். வசதியுள்ளவர்கள் ஒரு ‘பைப்’ அளவே வாங்கினார்களாம். ஒரு பைப் என்றால் 550 லிட்டர், 700 பாட்டிலுக்கு மேல். அந்தப் பிள்ளையின் கல்லீரலை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்கர்கள் எதிர்க்கட்சி. 1997-ல் ‘வைன் ஸ்பெக்டேட்டர்’ இதழ் ஆண்டின் சிறந்த ஒயினாக டெய்லர், ஃபொன்சேகா இல்லங்களின் 1994 போர்ட் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தது. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு மகுடம்! 2014-ல் அதே இடம் டௌ இல்லத்தின் 2011-க்குப் போனது. இப்படி இளசிலேயே திறப்பதை லண்டன் நிலவறைக்காரர்கள் சிசுக்கொலை என்றார்கள்.

எனக்கு அந்தக் கோபம் பழைய காலத்துச் சாராயத்தின் மிச்சமாகவே படுகிறது. 1990-களின் தொடக்கம் வரை, கலக்கும் சாராயத்தை இல்லங்கள் தாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அரசு ஏற்பாட்டில் ஒதுக்கியதைத்தான் ஊற்றவேண்டும். கலவையில் ஐந்தில் ஒரு பங்கு அது. முரட்டுச் சாராயம் அடங்க இருபது ஆண்டு பிடித்ததில் வியப்பில்லை. கட்டுப்பாடு நீங்கி நல்ல சாராயம் வந்ததும் இளமையின் காட்டம் குறைந்தது. பழமும் பூமணமும் முன்னால் வந்தன. பாட்டன் காத்திருந்த காரணம் பேரனுக்கு இல்லை.

அதற்காக முதுமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இளம் போர்ட்டில் மை போன்ற நிறமும் கருநாவல் பிடிப்பதுபோல நாக்கைப் பற்றும் துவர்ப்பும் இருக்கும். முப்பது வயதில் துவர்ப்பு வண்டலாகப் படிந்து, அத்தி, வாதுமை, காய்ந்த ரோஜா என்று வேறொரு பாஷை பேசும். அதை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெல்ல இறுத்து, ஓரிரு நாளில் முடித்துவிடவேண்டும். இளசு திறந்த பிறகும் சில நாள் தாங்கும்.

இரு கட்சியும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: நடுவயது. ஆறேழு ஆண்டானதும் பல பாட்டில்கள் வாயை மூடிக்கொள்ளும். பழம் போயிருக்கும், பக்குவம் வந்திருக்காது. பதினைந்து வயது வரைகூட அந்த மௌனம் நீளும். அப்போது திறந்து பார்த்துவிட்டு “இதற்கா இத்தனை விலை?” என்று கேட்பவர்கள்மேல் தப்பில்லை.

2016, 2017 இரண்டையும் பெரிய இல்லங்கள் அடுத்தடுத்து அறிவித்தன, அபூர்வம் அது. அப்படி ஓர் ஆண்டு கைக்கு வந்தால் மூன்று பாட்டில் வாங்குவேன். ஒன்றை வந்த சூட்டோடு திறப்பேன். மற்ற இரண்டையும் இருட்டில் கிடத்தி, எந்த ஆண்டுக்கு முன் தொடக்கூடாது என்று பெட்டிமேல் எழுதி வைப்பேன்.