வாய்ப்பு நேர்ந்தால் உட்காரலாம்

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அம்மாவோடு ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். சேலைப் பிரிவில் கவுன்ட்டருக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்கள் கிடந்தன. மூன்றின் மேலும் மடிக்காத சேலைகள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, எதிரில் அந்தப் பெண் நின்றபடியே முப்பது சேலையாவது பிரித்துப் போட்டிருப்பார். "நீயும் கொஞ்சம் உக்காரேம்மா"ன்னு அம்மா சொன்னதுக்குச் சிரித்தார். "கஸ்டமர் இருந்தா நின்னுதான்ம்மா காட்டணும். போனப்புறம் மடிச்சு அடுக்கணும். இதுல எங்க உக்கார்றது?"

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன அந்த இடத்தில்தான் சட்டமும் வழுக்குகிறது.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளம் 2018-இலேயே செய்ததைப் பின்பற்றி வந்த திருத்தம் இது. கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' போன்ற அமைப்புகள் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அங்கே சட்டமானது. நம் பிரிவு என்ன சொல்கிறது? எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு ஏதும் நேர்ந்தால் அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள அது உதவ வேண்டும். நல்ல எண்ணம், சந்தேகமில்லை. கடை ஊழியரின் காலை ஒரு சட்டம் கவனித்ததே பெரிய விஷயம்தான்.

ஆனால் 'நேர்ந்தால்' என்ற சொல்லைப் பாருங்கள். வாய்ப்பு என்பது மழை மாதிரி தானாக வந்து பெய்யும் என்று சட்டம் நினைக்கிறது. கடையில் அப்படி எதுவும் தானாக நேராது. ஒரு கவுன்ட்டருக்கு எத்தனை பேர், கூட்டம் இல்லாத நேரத்தில் என்ன வேலை, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது முதலாளி. இருக்கையைக் கொடுப்பவரிடமே வாய்ப்பை இல்லாமல் செய்கிற அதிகாரமும் இருக்கிறது.

இந்த வாசகம் புதிதும் அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்பவர்களுக்கு ஏறக்குறைய இதையேதான் சொன்னது. தொழிற்சாலையில் இயந்திரம் ஓடும்போதோ சரக்கு மாறும்போதோ ஓய்வு நேரலாம். துணிக்கடையில் ஆள் வராத நேரம்தான் அடுக்குகிற நேரம். ஆலைக்கு எழுதிய வாக்கியத்தைக் கடைக்கு எடுத்து வந்ததில் இந்த வித்தியாசம் விட்டுப்போயிற்று.

வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும். பிரிட்டனில் 1899-இல் வந்த சட்டம் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று எண்ணிக்கையே சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 120-ஆவது உடன்படிக்கை (1964), போதுமான இருக்கை வேண்டும் என்பதோடு, அதைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. 'நேர்ந்தால்' வேறு, 'கொடுக்க வேண்டும்' வேறு. இரண்டாவதில்தான் முதலாளிக்குக் கடமை இருக்கிறது.

அமலாக்கத்திலும் இதே சிக்கல்தான். ஆய்வாளர் வந்தால் ஸ்டூலைப் பார்க்கலாம், எண்ணலாம். வாய்ப்பை எப்படிப் பார்ப்பார்? நாங்கள் போன கடையில் மூன்று ஸ்டூல் இருந்தது. படிவத்தில் டிக் விழுந்துவிடும். சில நூறு ரூபாய் பிளாஸ்டிக்கோடு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தாகிவிட்டது!

உட்காராததன் விலையை உடம்பு கொடுக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நின்றால் அது நடக்காது. ரத்தம் தேங்கி கால் வீங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நிற்பவர்களுக்கு வெரிகோஸ் வெயின் என்கிற நரம்பு சுருட்டல் வரும் ஆபத்து கூடுதல்.

"ஊழியர் உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதைக் குறைவு" என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்டு, எடுக்க வந்தவரும் காட்டுபவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சேலை பார்த்தார்கள். அதில் யாருக்கு மரியாதை குறைந்தது? நின்று காட்டுவது பின்னால் வந்த ஏற்பாடு. அதை மரபு போலச் சொல்வது சரியல்ல.

திருத்தத்துக்கு வழி இதே சட்டத்தில் இருக்கிறது. கடையில் தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் 1 மணி நேர இடைவேளை தந்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கே 'நேர்ந்தால்' இல்லை, கடிகாரம் இருக்கிறது. இருக்கைக்கும் அப்படியே எழுதலாம்: இத்தனை பேருக்கு ஓர் இருக்கை, இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம், பில் போடுவதும் மடிப்பதும் உட்கார்ந்தே. உட்காரக் கூடாது என்று சொல்வதே தனிக் குற்றம். இந்த நேரம் எழுதப்பட்ட பலகை கவுன்ட்டரில் தமிழில் தொங்கட்டும். அப்போது ஆய்வாளருக்கும் பார்க்க ஏதாவது இருக்கும், ஊழியருக்கும் கைகாட்ட ஏதாவது இருக்கும்.

அம்மா இரண்டு சேலை எடுத்தார். நாங்கள் எழுந்ததும் அந்தப் பெண் மீதியை மடிக்க ஆரம்பித்தார், நின்றுகொண்டே. சட்டம் சொல்கிற வாய்ப்பு அந்த நிமிடம்தான் என்றால், அதில் அவருக்கு வேலை இருந்தது.